நியாயம்தான் என்கிறார்கள், ஆனால் வருவதில்லை: கூட்டுப் போராட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் சங்கம், தொழிற்சங்க வகுப்பு, மகளிர் குழு என்று எங்கே இந்தப் பேச்சை எடுத்தாலும் கிளம்பும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். எளிதானவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

1. கூட்டு நடவடிக்கைன்னா ஊர்வலம், மறியல் மட்டும்தானா?

இல்லை. கையெழுத்து வாங்குவது, வேலைநிறுத்தம், ஒரு கடையைப் புறக்கணிப்பது, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்பது எல்லாம் இதில் அடக்கம். உளவியலில் தலையை எண்ணுவதில்லை. யாருக்காகச் செய்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். தெரு முழுக்கத் தண்ணீர் வேண்டும் என்று ஒரே ஒருவர் மனு கொடுத்தாலும் அது கூட்டு நடவடிக்கை. ஐம்பது பேர் வரிசையில் நின்று அவரவர் பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்தால் அது வெறும் கூட்டம்.

2. கஷ்டம் முத்திப்போனா ஜனங்க தானா கெளம்பிடுவாங்கதானே?

அப்படியானால் உலகத்தில் பரம ஏழைகள் தினமும் தெருவில் நிற்க வேண்டும். நிற்பதில்லை. கஷ்டத்தின் அளவைவிட, எதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்பதுதான் ஆளைக் கிளப்புகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத்தில் எடுத்த ஆய்வு 1949இல் வெளிவந்தது. பதவி உயர்வு மிக மெதுவாகக் கிடைத்த ராணுவக் காவல் பிரிவினர் அதைப் பற்றி அதிகம் முணுமுணுக்கவில்லை. மளமளவென்று உயர்வு கிடைத்த விமானப்படைப் பிரிவில்தான் புகைச்சல். பக்கத்தில் இருப்பவன் மேலே போய்க்கொண்டே இருந்தால், நமக்கு ஏன் இல்லை என்ற கேள்வி வந்துவிடும்.

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் 2015 செப்டம்பரில் நடந்ததும் இதே கணக்கு. நாள் கூலி 232 ரூபாய், லயத்து வாழ்க்கை, பல காலமாக அதே கஷ்டம். முந்தைய ஆண்டு 19 சதவீதம் வந்த போனஸ் அந்த ஆண்டு 10 சதவீதம் என்று அறிவித்ததும், பெரும்பாலும் தமிழ்ப் பெண்களான தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். இல்லாத ஒன்றுக்காக எழுந்ததைவிட, கைக்கு வர வேண்டியது குறைந்ததற்காக எழுந்த வேகம் அது.

இதில் இன்னொரு பிரிவு உண்டு. ‘எனக்குக் குறைந்துவிட்டது’ என்று நினைப்பவர் ஓவர்டைம் பார்ப்பார், வேறு வேலை தேடுவார், இல்லாவிட்டால் மனம் சோர்ந்துபோவார். ‘எங்களுக்குக் குறைத்துவிட்டார்கள்’ என்று நினைப்பவர்தான் கூட்டத்துக்கு வருவார்.

3. அப்போ என்னென்ன சேர்ந்தா ஒருத்தர் வருவார்?

மார்ட்டைன் வான் சோமெரனும் அவருடைய சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டி 2008இல் ஒரு கணக்குப் போட்டார்கள். மூன்று விஷயம் தேறியது: இது அநியாயம் என்ற கோபம், சேர்ந்து செய்தால் நடக்கும் என்ற நம்பிக்கை, இவர்கள் என் ஆட்கள் என்ற ஒட்டுதல். மூன்றாவதுக்கு இரட்டை வேலை. அது நேரடியாகவும் ஆளைக் கொண்டுவரும். மற்ற இரண்டையும் வளர்த்தும் விடும்.

ஒருவரிடம் எது குறைகிறது என்பதை அவர் பேச்சிலேயே பிடிக்கலாம். “எல்லா ஊர்லயும் இப்படித்தாங்க” என்றால் அநியாயமாக அவருக்குப் படவில்லை. “சொல்லி என்ன ஆகப்போவுது” என்றால் நம்பிக்கை இல்லை. “அவங்க தெருக்காரங்க ஏதோ பண்றாங்க” என்றால் ஒட்டுதல் இல்லை. மூன்று பேருக்கும் ஒரே நோட்டீஸைக் கொடுத்துவிட்டு யாருமே வரவில்லை என்று வருத்தப்படுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

4. எல்லாரும் நியாயம்னுதான் சொல்றாங்க. அன்னைக்கு மட்டும் ஆளக் காணோமே?

அதிகம் வரும் கேள்வி இது. ‘மக்களுக்கு உணர்வு இல்லை’ என்பது இதற்குச் சொல்லப்படும் சோம்பேறிப் பதில். 1983 அக்டோபர் 29 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் அணு ஏவுகணைகளை எதிர்த்துச் சுமார் ஐந்தரை லட்சம் பேர் திரண்டார்கள். பெர்ட் கிளாண்டர்மன்ஸ், டிர்க் உகேமா என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சிற்றூரில் பேரணிக்கு முன்பும் பின்பும் அதே ஆட்களைப் பார்த்துப் பேசினார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 76 பேர் கோரிக்கை சரி என்றார்கள். அழைப்பு ஏதோ ஒரு வழியில் போய்ச் சேர்ந்தது 60 பேர் அளவுக்குத்தான். போக வேண்டும் என்று நினைத்தவர்கள் 10 பேர். போனது 4 பேர். அந்த நாட்டின் மிகப் பெரிய பேரணிகளில் ஒன்றுக்கே இதுதான் நிலவரம்.

ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு சல்லடை. எந்தச் சல்லடையில் ஆள் கழிகிறார் என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. ஒரு நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி, நான்கு கட்டம்: ஒத்துக்கொண்டாரா, அழைப்பு போனதா, வருகிறேன் என்றாரா, வந்தாரா. 200 வீட்டில் 150 பேர் ஒத்துக்கொண்டு 60 பேருக்கே அழைப்பு போயிருந்தால், கோளாறு நீங்கள் வீடு வீடாக நடக்காததில். 150 பேருக்கும் போய் 12 பேர்தான் ‘வருகிறேன்’ என்றால் கோளாறு மூன்றாம் பதிலில் சொன்ன மூன்றில் ஒன்றில். 40 பேர் ‘வருகிறேன்’ என்று 15 பேர் வந்தால், கோளாறு நேரத்திலும் இடத்திலும்.

கடைசிச் சல்லடைதான் ரொம்ப மலிவாகச் சரிசெய்யக் கூடியது. ரொம்பக் கவனிக்காமல் விடுவதும் அதுதான். மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரும் நேரம், தண்ணி லாரி வரும் நேரம், ஷிப்ட் மாறும் நேரம், ஒரு நாள் கூலி, போகவர பஸ் காசு, கழிப்பறை இல்லாத இடம். இவற்றில் ஒன்று போதும், கொதித்துக்கொண்டிருந்த ஆளும் வீட்டிலேயே இருந்துவிடுவார். தேதி குறிக்கும் முன் பத்து வீட்டில் “எந்த நேரம் உங்களுக்குத் தோது?” என்று கேளுங்கள். இரண்டு பேர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டால் எட்டு அம்மாக்கள் வர முடியும்.

5. வாட்ஸ்அப் குரூப்ல போட்டா போதாதா? எல்லாரும்தான் பாக்குறாங்களே.

பார்க்கிறார்கள். கட்டைவிரலும் போடுகிறார்கள். எல்லோருக்கும் சொன்னது யாருக்கும் சொல்லாதது மாதிரிதான். 1968இல் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் ஒரு சோதனை செய்தார்கள். இன்டர்காம் வழியாகப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவருக்கு வலிப்பு வருவது மாதிரிச் சத்தம். தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில், சத்தம் அடங்குவதற்குள் 85 சதவீதம் பேர் உதவிக்கு ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். பொறுப்பு பங்கு போடப்பட்டதும் கரைந்துவிடுகிறது. குரூப் செய்தியும் அப்படியே.

யார் கூப்பிடுகிறார் என்பதும் பெரிய விஷயம். 1964 கோடையில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய மிசிசிப்பி போக விண்ணப்பித்துத் தேர்வானவர்களை டக் மெக்ஆடம் பின்னாளில் ஆராய்ந்தார். 720 பேர் போனார்கள். 239 பேர் கடைசியில் விலகிக்கொண்டார்கள். கொள்கைப் பிடிப்பில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. போனவர்களுக்கு, கூடவே போகும் நெருங்கிய நண்பர்கள் அதிகம் இருந்தார்கள். அங்கே அடி உதை நிச்சயம் என்று தெரிந்தே போனார்கள்.

கேட்கும் முறை: நேரில், தெரிந்தவர், ஒரே ஒரு வேலை. “செவ்வாய் காலை பத்து மணி, தண்ணி டேங்க் பக்கத்துல. நீங்க யார் கூட வர்றீங்க? எப்படி வர்றீங்க?” என்று கேட்டு, அந்தப் பயணத்தை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டி யோசித்து வைத்தவர்கள் சொன்னதைச் செய்வது கூடுகிறது என்பது பலமுறை சோதித்துப் பார்த்த முடிவு. ஒருவருக்கு எட்டு வீட்டுக்கு மேல் ஒதுக்க வேண்டாம். ஒன்பதாவது வீட்டுக்கு நோட்டீஸ் மட்டும்தான் போகும். அப்புறம், “பாக்கலாம்”, “முடிஞ்சா வர்றேன்” இரண்டையும் நோட்டில் ‘இல்லை’ என்றே எழுதுங்கள். நம்மூரில் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லும் பழக்கம் கிடையாது.

6. நான் ஒருத்தன் போகாட்டி என்ன ஆகப்போவுது? குழாய் வந்தா எனக்கும்தானே வரும்?

1965இல் பொருளியல் அறிஞர் மன்கர் ஓல்சன் எழுப்பியது இதே கேள்விதான். பலன் எல்லோருக்கும் பொது. செலவு வந்தவனுக்கு மட்டும். ஆகவே புத்திசாலி வீட்டில் இருப்பான் என்றார். பெரிய குழுக்களில் இது இன்னும் மோசம், ஒருவர் வராதது தெரியவே தெரியாது.

ஆனால் மனிதர்கள் முழுக்க அப்படி இல்லை. பொதுப் பணத்தில் பங்கு போடும் ஆய்வக விளையாட்டுகளில் ஃபிஷ்பாகர் குழுவினர் 2001இல் கண்டது: ஏறக்குறைய பாதிப் பேர் ‘மற்றவர் போட்டால் நானும் போடுவேன்’ ரகம். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் எது நடந்தாலும் போடாத ரகம். அந்த மூன்றில் ஒரு பங்கினரைத் திட்டிக் காலத்தைக் கழிப்பது வீண். நடுவில் இருக்கும் பாதிக்கு, மற்றவர்கள் போட்டது கண்ணில் பட வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர் எண்ணிக்கை, நன்கொடைப் பட்டியல், யார் யார் மனுவில் கையெழுத்திட்டார்கள் என்பது தெருமுனைப் பலகையில் தெரியட்டும். வராதவர் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். ‘பாதிப் பேர் வரலையாம்’ என்ற செய்திதான் அதிலிருந்து பரவும். போட நினைத்தவரும் கையை மடக்கிக்கொள்வார்.

7. மொதல்ல யார் வர்றதுன்னுதான் ஆளாளுக்குப் பாக்குறாங்க. என்ன வழி?

ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் ஓர் எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் வந்தால் நானும் வருவேன்? மார்க் கிரானோவெட்டர் 1978இல் காட்டிய உதாரணம் இது. நூறு பேர், ஒருவரின் எண் 0, அடுத்தவர் 1, அதற்கடுத்தவர் 2, இப்படியே 99 வரை. பூஜ்யக்காரர் இறங்குவார், அவரைப் பார்த்து ஒன்றுக்காரர், இருவரையும் பார்த்து இரண்டுக்காரர். நூறு பேரும் இறங்கிவிடுவார்கள். இப்போது ஒன்றுக்காரரின் எண்ணை மட்டும் 2 ஆக்குங்கள். பூஜ்யக்காரர் இறங்குவார். பின்னால் யாரும் வரமாட்டார்கள். ஊர் அதே ஊர், கோபம் அதே கோபம். ஒருவர் மட்டும் நடுரோட்டில் நிற்பார். மறுநாள் பேப்பரில் ‘போராட்டம் பிசுபிசுத்தது’ என்று வரும்.

கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1989இல் இது பெரிய அளவில் நடந்தது. நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கட்கிழமை தோறும் அமைதிப் பிரார்த்தனை, பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம். இடமும் நாளும் நிலையாக இருந்ததால் யாரும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. ஓரமாக நின்று எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவும் முடிந்தது. அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் வந்தார்கள், பயந்தபடி துப்பாக்கிச்சூடு நடக்கவில்லை. அடுத்த திங்கள் கூட்டம் இன்னும் பெருத்தது. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. மனதில் வெறுப்பை வைத்துக்கொண்டு வெளியே தலையாட்டும் ஊரில், மற்றவர் மனதிலும் அதுவே இருக்கிறது என்பது ஒருநாளில் தெரிந்துவிட்டால் இப்படித்தான் சரியும் என்று தைமூர் குரான் 1991இல் விளக்கினார்.

நடைமுறைக்கு: 0, 1, 2 எண்காரர்கள் பத்துப் பதினைந்து பேரை முன்கூட்டியே உறுதிசெய்து, குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னால் நிற்க வையுங்கள். 20 பேர் வருவார்கள் என்றால் 200 நாற்காலி மண்டபம் எடுக்காதீர்கள். டீக்கடை முன் இருபது பேர் கூட்டம். மண்டபத்தில் அதே இருபது பேர் தோல்வி. கூட்டத்தில் உங்கள் ஆள் ஒருவர் எழுந்து பெரும்பான்மையை எதிர்த்துப் பேசும்போது அதை ஆமோதிக்க இன்னொருவர் தயாராக இருக்கட்டும். தனி ஆள் பெரும்பான்மைக்கு வளைந்துகொடுப்பதும், ஒரே ஒரு துணை கிடைத்தால் அந்த வளைவு பெருமளவு நின்றுவிடுவதும் 1950களில் சாலமன் ஆஷ் சோதித்துக் காட்டியது.

8. அப்போ கோவத்தை நல்லா ஏத்திவிட்டா கூட்டம் சேர்ந்துடுமா?

சேரும். நிற்காது. கோபம் இருந்து ‘நடக்கும்’ என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அது இரண்டு நாளில் புலம்பலாக முடியும், அல்லது வேறு பக்கம் திரும்பும். நிக்கோல் தௌஷும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கோபம் பேரணி, மனு போன்ற வழிகளோடு சேர்ந்துவந்தது. எதிர்த்தரப்பைத் துச்சமாக, திருந்தாத ஜென்மமாக நினைப்பது வன்முறையை ஆதரிப்பதோடு சேர்ந்துவந்தது. கோபப்படுகிறவர் எதிராளி மாறுவார் என்று இன்னும் எதிர்பார்க்கிறார். துச்சமாக நினைப்பவர் அந்த எதிர்பார்ப்பை விட்டுவிட்டார். மேடையில் பேசுபவர் இந்தக் கோட்டைத் தாண்டுகிறாரா என்று கவனிக்க ஓர் ஆள் வேண்டும்.

பேச்சில் மூன்று இருக்க வேண்டும்: யாருடைய முடிவால் வந்தது, என்ன செய்தால் தீரும், ஏன் இப்போதே. ‘அரசாங்கம் சரியில்லை’ என்பது முதல் கேள்விக்குப் பதில் ஆகாது. எந்த அலுவலகம், எந்த உத்தரவு, எந்தக் கையெழுத்து என்பதுதான் பதில். முதல் கோரிக்கை ஒரு மாதத்துக்குள் ஆமாம் அல்லது இல்லை என்று தெரிந்துவிடக்கூடியதாக இருக்கட்டும்.

9. கூட்டம் கூடிட்டா புத்தி கெட்டுப்போகும்னு சொல்றாங்களே?

1895இல் பிரான்சின் குஸ்தாவ் லெ பான் சொன்னது, இன்னும் போகவில்லை. 1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர் செயின்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை ஸ்டீபன் ரைக்கர் ஆராய்ந்தார். கல் போலீஸ் மேல் விழுந்தது, வங்கி தாக்கப்பட்டது. குடியிருப்பு வீடுகளை விட்டுவிட்டார்கள். போலீஸ் பகுதியை விட்டு வெளியேறியதும் துரத்திக்கொண்டு போகவில்லை. ‘நாம் யார், நமக்கு யார் எதிரி’ என்ற கணக்கு அந்தக் களேபரத்திலும் ஓடிக்கொண்டிருந்தது.

கவனிக்க வேண்டியது: கூட்டத்தில் பத்துப் பேர் செய்ததற்கு ஆயிரம் பேர் மீதும் தடியடி என்றால், அதுவரை ஒதுங்கி நின்றவரும் அந்தப் பத்துப் பேரோடு ஒன்றாகிவிடுகிறார். ஆகவே சங்கத்துத் தொண்டர்கள் பட்டையணிந்து, காவல் அதிகாரியிடம் முன்பே முகம் காட்டிப் பேசி வைத்திருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

10. ஆன்லைன்ல கையெழுத்து போடறது, டிபி மாத்தறது, இதெல்லாம் பிரயோஜனமா?

இரண்டு ஆய்வுகள் எதிரெதிராகப் பேசுவதுபோல் இருக்கும். 1966இல் ஃப்ரீட்மனும் ஃப்ரேசரும் கலிஃபோர்னியாவில் வீட்டுக்காரர்களிடம், வாசலில் ‘கவனமாக வண்டி ஓட்டுங்கள்’ என்ற பெரிய, அசிங்கமான பலகை நட அனுமதி கேட்டார்கள். நேரடியாகக் கேட்டபோது 17 சதவீதம் ஒத்துக்கொண்டது. இரண்டு வாரம் முன்பு அதே விஷயத்துக்குச் சின்ன அட்டை ஒட்டச் சம்மதித்திருந்த வீடுகளில் 76 சதவீதம். 2014இல் கிறிஸ்டோஃபர்சன் குழு கண்டதோ வேறு: ஊர் பார்க்க அடையாள ஆதரவு காட்டியவர்கள், தனிமையில் காட்டியவர்களைவிடப் பிறகு உழைக்க வரும்போது பின்வாங்கினார்கள்.

பிடி எங்கே என்றால், ஊருக்கு நல்ல பேர் காட்டியாகிவிட்டது என்ற திருப்தி வந்ததும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. இது நான் நம்பும் விஷயம் என்று உள்ளே பதிந்தால் அடுத்த படி எளிதாகிறது. கையெழுத்து வாங்கும்போதே ஏன் போடுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்குள் அடுத்த சின்ன வேலையைக் கேளுங்கள். மாதக்கணக்கில் விட்டால் அந்தக் கையெழுத்து வெறும் எண்.

11. மேனேஜர் நல்லாத்தான் பேசுறார், டீ வாங்கிக் குடுக்குறார். அதனாலயே நம்ம ஆளுங்க தயங்குறாங்க. என்ன சொல்றது?

இது கொஞ்சம் நுணுக்கமானது. தமர் சாகுயும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பலமுள்ள குழுவும் பலமில்லாத குழுவும் தங்களுக்குப் பொதுவானதை மட்டும் பேசிச் சுமுகமாயின. பலமில்லாதவர்கள், பங்கு பிரிக்கும்போது பலமுள்ளவர்கள் நியாயமாக நடப்பார்கள் என்று நம்பினார்கள். பிரித்தபோது அப்படி நடக்கவில்லை. இனிமையான பழக்கம் ஏற்றத்தாழ்வைக் கண்ணிலிருந்து மறைக்கிறது.

மேனேஜரைக் கெட்டவர் ஆக்க முயலாதீர்கள். ஆட்கள் நம்பமாட்டார்கள், உங்கள் மேல்தான் சந்தேகம் வரும். ஆளையும் விதியையும் பிரியுங்கள். “சார் நல்லவர்தான். போனஸ் சதவீதத்தை அவர் முடிவு பண்றாரா?” இந்த ஒரு கேள்வி போதும்.

12. மூன்றரை சதவீதம் பேர் வந்தா ஜெயிச்சிடலாம்னு ஒரு கணக்கு சுத்துதே?

நாட்டு மக்கள்தொகையில் மூன்றரை சதவீதம் என்ற கணக்கு அது. எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீஃபன் இருவரும் 1900 முதல் 2006 வரையிலான 323 இயக்கங்களைத் தொகுத்ததிலிருந்து கிளம்பியது அது. ஆட்சியைக் கவிழ்ப்பது, அந்நிய ஆக்கிரமிப்பை அகற்றுவது போன்ற உச்சக் கோரிக்கைகள் மட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. பஹ்ரைன் 2011 மாதிரி, அந்த அளவைத் தாண்டியும் தோற்றவை உள்ளன. அது விதி அல்ல என்று செனோவெத்தே சொல்லியிருக்கிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் 7.21 கோடிக்கு மூன்றரை சதவீதம் என்றால் 25 லட்சம் பேர். உங்கள் தெருச் சாக்கடைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து 200 வீட்டுக்கு ஏழு பேர் போதும் என்று முடிவு கட்ட வேண்டாம்.

13. ஒரு நாளைக்கு வர்றாங்க. மாசக்கணக்கா எப்படி நிக்கவைக்கிறது? தோத்துட்டா?

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள், பஸ்ஸில் காட்டிய இனப் பாகுபாட்டை எதிர்த்து, 1955 டிசம்பர் 5 முதல் 381 நாள் பஸ்ஸில் ஏறவில்லை. முதலில் அறிவித்தது ஒரே ஒரு நாள். அன்று பஸ்கள் காலியாக ஓடியதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அன்று மாலைக் கூட்டத்தில்தான் தொடர்வது என்று முடிவானது. ஏழாம் பதிலில் சொன்ன எண்கள் அன்று ஒரே நாளில் இறங்கிவிட்டன. அதற்கு முன்னேற்பாடு நெடுநாளாக இருந்தது: பெண்கள் அரசியல் கவுன்சில் 1954 மே மாதமே மேயருக்குப் புறக்கணிப்பு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. வெள்ளையருக்கு பஸ் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான இரவே, அந்தக் கவுன்சிலின் தலைவி ஜோ ஆன் ராபின்சன் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அச்சடித்தார். அதன்பின் நிற்க வைத்தது, முந்நூறு அளவுக்குக் கார்களை வைத்து ஏறுமிடம், நேரம் குறித்து ஓட்டிய போக்குவரத்து ஏற்பாடு. வேலைக்குப் போக வழி இருந்ததால் பிடிவாதமும் இருந்தது. நான்காம் பதிலின் கடைசிச் சல்லடையை அவர்கள் ஓராண்டு முழுக்க அடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

தோல்வி தானாக ஆட்களை விரட்டுவதில்லை. ‘நம்மால முடியாது’ என்று விளங்கிக்கொண்டால் போய்விடுவார்கள். ‘இந்த வழி சரிவரல, அந்த அதிகாரிக்கு அதிகாரமே இல்லையாம்’ என்று விளங்கிக்கொண்டால் மறுபடி வருவார்கள். அந்த விளக்கத்தை நீங்கள் இரண்டு மூன்று நாளுக்குள் கொடுக்காவிட்டால் டீக்கடை கொடுத்துவிடும்.

14. ஜெயிச்ச பிறகு சங்கம் ஏன் உடையுது?

மூணாறு பெண்கள் ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். பழைய தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடாமல் அவர்கள் அமைத்த ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை), அடுத்து 500 ரூபாய் கூலிக்குப் போராடியது. கிடைத்தது 301. அடுத்தடுத்த மாதங்களில் தலைமைக்குள் பிளவு வந்தது. போனஸ் என்பது ஒரு தேதி, ஓர் எண், ஒரு எதிராளி. கூலி உயர்வுக்குப் பல தரப்பு, பல மாதம், பல பேச்சுவார்த்தை. ரோட்டில் உட்கார்ந்தபோது எல்லோரும் சமம். பேச்சுவார்த்தை மேஜைக்கு நான்கு பேர்தான் போக முடியும். எந்த நான்கு பேர், எத்தனை நாளுக்கு, திரும்பி வந்து யாரிடம் கணக்குச் சொல்வது என்பதைக் கூட்டம் சூடாக இருக்கும்போதே பேசி, மினிட்ஸ் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெற்றி வந்த மறுநாள் அந்தப் பேச்சை எடுத்தால், ‘என்னை நம்பலையா?’ என்ற சண்டையில்தான் போய் முடியும்.